பூட்டன் பெயர் அகப்படவில்லையா? நேட்டால் இடுகாட்டுப் பதிவும் பழைய பத்திரிகையும் கைவிடும்போது பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பன் பக்கம் கோயில் திருவிழாவுக்கோ கருமாதிக்கோ போனால், யாராவது ஒருவர் பழைய தாள் ஒன்றை நீட்டுவார். “அண்ணா, எங்க தாத்தாவோட அப்பா பேரு இது. எந்தக் கப்பல்ல வந்தாரு, எங்க பொதைச்சாங்கன்னு பாத்துச் சொல்ல முடியுமா?” என் ஆயாவின் அப்பாவைத் தேடப் போய்த்தான் இந்த வேலை எனக்குப் பழகியது. அதற்கப்புறம் பல குடும்பங்களுக்குப் பார்த்துக் கொடுத்ததில் ஒன்று தெரிந்தது: வீடுகள்தான் வேறு வேறு, தேடல் முட்டி நிற்கும் இடங்கள் எல்லாருக்கும் அதேதான். அதனால் முட்டும் இடத்தையே தலைப்பாக வைத்து எழுதுகிறேன். உங்கள் சிக்கல் எதுவோ நேராக அங்கே போகலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் செய்யக்கூடியது முதலிலும் செலவு பிடிப்பது கடைசியிலும் வரும்.

ஒன்றை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். நம் தேடலில் மிக எளிதாக அறுந்துபோகும் இழை பெயர்தான். எண், நாள், இடம் ஆகிய மூன்றும் அதைவிட உறுதியானவை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்கள் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஓர் எண் உண்டு. கொலோனியல் நம்பர் என்பது அதைத்தான். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சமோ தழும்போ எல்லாம் இருக்கும். பின்னாளில் அவர் கல்யாணத்தைப் பதிந்தாலும் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வாங்கினாலும் அந்த எண் கூடவே வரும். வீட்டுப் பெட்டியில் பழைய தாள் ஏதாவது இருந்தால் முதலில் தேட வேண்டியது அதுதான். எண் கிடைத்தால் கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வருவதில்லை

*எழுத்து மாறியிருக்கலாம்.* பத்துக்கு ஏழு தடவை காரணம் இதுதான் என்பது என் அனுபவம். எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதினார். சொன்னவருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. சுப்பிரமணி ‘சூப்ரமொனி’ ஆனார், கிருஷ்ணசாமி ‘கிஸ்ட்னசாமி’ ஆனார். லட்சுமி ஒரு தாளில் ‘லெட்ச்மி’, இன்னொன்றில் ‘லுட்ச்மி’. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகி, முதலியார் ‘மூட்லி’ ஆகி, இன்றுவரை அப்படியே குடும்பப் பெயராக நிற்கிறது.

இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஒரு பலம் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். படிக்கும்போதே பெயர் தானாகத் திரும்பி வரும். தேடும்போது உயிரெழுத்துகளை நம்பாதீர்கள். மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு இடையில் நட்சத்திரக் குறி போடுங்கள். பகரம் பாரிஸின் முதலெழுத்தாலும் எழுதப்பட்டிருக்கும், பம்பாயின் முதலெழுத்தாலும் எழுதப்பட்டிருக்கும். ககரத்துக்குக் கண்டியின் எழுத்து, கல்கத்தாவின் எழுத்து, கோவாவின் எழுத்து என மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். குப்புசாமி எனக்கு இந்த மூன்றிலுமே கிடைத்திருக்கிறார்.

*முன்பெயர் பின்பெயர் இடம் மாறியிருக்கலாம்.* நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. மகன் பதியப் போனபோது தகப்பன் பெயரைக் கேட்டு அதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். ஆகவே இன்று உங்கள் வீட்டார் எல்லாருக்கும் முனுசாமி என்று குடும்பப் பெயர் இருந்தால், முனுசாமி என்பவர் உங்கள் பூட்டனாகவே இருக்கக்கூடும். அவருடைய காலத்துக்குப் போனதும் அந்தப் பெயரை முதல் பெயர்க் கட்டத்தில் போட்டுப் பாருங்கள்.

*வீட்டில் அழைத்த பெயர் வேறாக இருக்கலாம்.* தில்லையாடி வள்ளியம்மை என்று தமிழ்நாடே அறிந்த பெண் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். 1914 பிப்ரவரி 22 அன்று அங்கேயே இறந்து பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டில் அடக்கமானவர். தில்லையாடி அவர் வாழ்ந்த ஊரே அல்ல, குடும்பத்தின் பூர்வீக ஊர். அவர் காலத்து எழுத்துகளில் அவர் வள்ளியம்மா, முனுசாமி முதலியாரின் மகள். ஊர்ப் பெயரை வைத்து ஜோஹன்னஸ்பர்க்கில் தேடினால் இவ்வளவு புகழ்பெற்றவரே கிடைக்க மாட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் எம்மாத்திரம்? ஆகவே வீட்டில் மூத்தவர்களிடம் “தாத்தா பேரு என்ன” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அவரை மனைவி என்ன சொல்லிக் குறிப்பிட்டார், கூட்டாளிகள் எப்படிக் கூப்பிட்டார்கள், கோயிலில் அர்ச்சனைக்கு எந்தப் பெயர் சொன்னார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோயிலின் அடிக்கல், நன்கொடைப் பலகைகளையும் பாருங்கள். தமிழ் எழுத்தில் நம்மவர்களே வெட்டியது, எழுத்தர் காது குறுக்கே வராதது.

*பெண்ணாக இருந்தால்* கணவர் பெயரிலும் கணவரின் எண்ணிலும் தேடுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாயின் எண் கிடைப்பதும் உண்டு.

இத்தனையும் செய்து ஒன்றும் வரவில்லையென்றால் பெயரை விட்டுவிடுங்கள். இடத்தையும் ஆண்டையும் பிடித்துக்கொண்டு பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் நேட்டால் இறப்புப் பதிவுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சிறிய ஊரின் ஐந்து வருஷப் பதிவை ஒரு சனிக்கிழமையில் பார்த்து முடித்துவிடலாம். இந்தக் கட்டத்தில் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

ஒரே பெயரில் நாற்பது பேர் வருகிறார்கள்

முனியம்மா, பெருமாள், ராமசாமி, கோவிந்தன் ஆகிய பெயர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். இங்கே பெரிய ஆபத்து, நமக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது. நான் ஒரு முனியம்மாவின் பின்னால் எட்டு மாதம் போனேன். தகப்பன் பெயர் பொருந்தியது, ஜில்லா பொருந்தியது. கடைசியில், அவருடைய கடைசிப் பிள்ளை என்று நான் நினைத்தவன் பிறந்த வருஷத்தில் அவருக்கு அறுபத்திரண்டு வயது என்று தெரிந்தது. வயதைக் கூட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதை முதலிலேயே செய்யாமல் விட்டேன்.

அதனால் யார் பொருந்துகிறார் என்று பார்க்காமல், யாரையெல்லாம் கழிக்கலாம் என்று பாருங்கள். வயதால் கழியுங்கள். வேலை செய்த தோட்டத்தால் கழியுங்கள்: வடக்கே டோங்காட்டில் இருந்தவரும் தெற்கே உம்சிந்தோவில் இருந்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டுமானால் அந்த மாற்றத்துக்கு ஒரு தாளாவது வேண்டும். இறப்பைத் தெரிவித்தவர் யார் என்று பாருங்கள். மகனோ மருமகனோ கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருந்தால், அந்தப் பெயர் வீட்டுக்குத் தெரிந்த பெயராக இருக்கும்.

இறந்தவர் வீடோ நிலமோ சேமிப்போ விட்டுப் போயிருந்தால், சொத்துக் கோப்பில் இறப்பு அறிவிப்புப் படிவம் ஒன்று இருக்கும். பத்திரிகையில் வரும் அறிவிப்பு இதுவல்ல, நீதிமன்றத்தைச் சேர்ந்த மாஸ்டர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் படிவம். பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் அந்த ஒரே தாளில் அடங்கிவிடும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் கோப்பு எண் கிடைத்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கோப்பைக் கேட்டுப் பார்க்கலாம். தொலைவில் இருப்பவர்கள் ஆய்வாளருக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் கோப்பு எண்ணை நீங்களே எடுத்துக் கையில் கொடுங்கள். “எங்க குடும்பத்தைத் தேடிக் கொடுங்க” என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும்.

கல் இருக்கிறது, எழுத்துப் படிக்க முடியவில்லை

முதலில் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். கம்பித் தூரிகை, பிளீச், ஆசிட், சுண்ணக்கட்டி, மாவு, சவர நுரை எதுவும் வேண்டாம். எழுத்து தெரிய வேண்டும் என்ற அன்பினாலேயே அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கல் பொரிந்து உதிர்கிற நிலையில் இருந்தால் அதுகூட வேண்டாம்.

*வெளிச்சம்.* நண்பகலில் எந்தக் கல்லும் ஊமைதான். காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள். அதற்கு வழியில்லையென்றால், கல்லின் ஓரத்தில் போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்து, வேறொருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இடது, வலது, மேல், கீழ் என்று நான்கு பக்கமிருந்தும் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த எழுத்து இன்னொன்றில் எழுந்து நிற்கும். ஈய எழுத்து பதித்த கல்லில் எழுத்து விழுந்திருந்தாலும் அதைப் பிடித்திருந்த துளைகள் இருக்கும். துளைகளைப் புள்ளிகளாகத் தாளில் குறித்துச் சேர்த்தால் எழுத்து வந்துவிடும்.

*இலக்கம்.* நடுவில் அர்த்தமில்லாமல் க, உ, ரு, எ, அ என்று வந்தால் அது எழுத்து அல்ல, தமிழ் எண். ௧ ஒன்று, ௨ இரண்டு, ௫ ஐந்து, ௭ ஏழு, ௮ எட்டு. ௪ சகரம் போலவும் ௬ ‘சு’ போலவும் ௯ ‘கூ’ போலவும் இருக்கும். 1934 என்பதை ௧௯௩௪ என்றும் வெட்டியிருக்கலாம், பழைய முறையில் ௲௯௱௩௰௪ என்றும் வெட்டியிருக்கலாம். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். இந்த மூன்று குறிகளையும் கிறுக்கல் என்று நினைத்து விட்டுவிட்ட படிகள் எத்தனையோ.

*பழைய எழுத்து.* துதிக்கை போல வளையும் பழைய ‘லை’, ‘னை’, ‘ணை’, சுழித்து எழுதும் பழைய ‘றா’, ‘னா’, ‘ணா’ ஆகியவை 1978க்கு முந்திய எல்லாக் கல்லிலும் வரலாம். வீட்டார் ஈரச் சிமெண்டில் குச்சியால் கீறிய எழுத்தென்றால் புள்ளியையும் எதிர்பார்க்காதீர்கள். ‘முததமமாள’ என்று இருந்தால் முத்தம்மாள் என்று படியுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத தலைமுறை இப்போது பெரிது. உங்களுக்குத் தெரியாவிட்டால் கோயில் குருக்களிடமோ தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடமோ படத்தைக் காட்டுங்கள். மனம் உவந்து படித்துச் சொல்வார்கள்.

*கல் சாய்ந்தோ இரண்டாகப் பிளந்தோ இருந்தால்* அங்கேயே நிறுத்துங்கள். நிமிர்த்திப் பார்க்கலாம் என்று கை வைக்கக் கூடாது. முதலில் இடுகாட்டு அலுவலகத்தின் அனுமதி, அப்புறம் கல்வேலை தெரிந்தவர். கல் கவிழ்ந்தால் காலே போய்விடும். இதில் செலவைப் பார்க்காதீர்கள்.

கல்லில் ஒரு நாள், பதிவேட்டில் வேறு நாள்

வித்தியாசம் ஒன்றிரண்டு நாள் என்றால் சிக்கலே இல்லை. ஒன்று இறந்த நாள், மற்றது அடக்கம் செய்த நாள். வயதில் ஐந்து பத்து வருஷம் முன்பின்னாக இருந்தாலும் கலங்க வேண்டாம். பிறந்த தேதி அவர்களுக்கே தெரியாது, சொன்னது ஒரு குத்துமதிப்பு. கல் நட்டதே இருபது வருஷம் கழித்து, பேரன் கையில் காசு வந்தபோது என்றால், கல்லை விடப் பதிவேட்டையே நம்புங்கள்.

*சரியாக ஒரு வருஷம் தள்ளியிருக்கிறதா?* கல்லில் தமிழ் வருஷம் இருக்கிறதா பாருங்கள். அறுபது வருஷச் சுற்றில் முதலாவதான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். எட்டாவது பவ, ஆகவே 1874, 1934, 1994. பழைய கல்லில் பவ என்று இருந்தால் 1934 என்று பலர் முடித்துவிடுவார்கள். ஆனால் மாதம் மாசி என்றிருந்தால் அது 1935 பிப்ரவரி–மார்ச். தை, மாசி, பங்குனி மூன்றும், மார்கழியின் பின்பாதியும், அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். இந்த ஒரு வருஷத் தவறை நான் பார்த்த அளவு வேறு எந்தத் தவறையும் பார்த்ததில்லை.

*வீட்டில் திதிதான் தெரியும், தேதி தெரியாது என்றால்* வருந்தாதீர்கள், அது பெரிய சொத்து. ஆவணி மாதம் தேய்பிறை ஏகாதசி என்று மூன்று தலைமுறையாகத் திவசம் கொடுத்து வரும் வீடு ஒரு பதிவேட்டையே மனத்தில் வைத்திருக்கிறது. பதிவேட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், இருவர் இறந்த தேதிக்கும் திதியைப் பழைய பஞ்சாங்கக் கணக்கில் பாருங்கள். எது பொருந்துகிறதோ அவர்தான் உங்களவர். தென்னாப்பிரிக்க நேரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால் இருப்பதால் திதி ஒரு நாள் முன்பின்னாக வரலாம். அதைத் தள்ளிவிடக் கூடாது. என் ஆயாவின் அப்பாவை நான் உறுதி செய்தது இப்படித்தான். ஆயா கண்மூடும்வரை விடாமல் வைத்திருந்த திதி, எழுத்தர் தப்பாக எழுதிய ஒரு பெயருக்கு எதிரே இருந்த தேதியோடு அப்படியே பொருந்தியது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கல்லறையே இல்லை

*தகனம் செய்திருக்கலாம்.* டர்பனில் கிளேர் எஸ்டேட், ஜோஹன்னஸ்பர்க்கில் 1918இல் கட்டப்பட்ட பிரிக்ஸ்டன் இந்துத் தகனக் கூடம் போன்ற இடங்களின் பதிவைக் கேளுங்கள். அஸ்தி ஆற்றிலோ கடலிலோ கரைந்திருக்கும், கல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் தமிழ்க் குடும்பங்களில் புதைப்பவர்களும் நிறைய. “நாம இந்து, எரிச்சிருப்பாங்க” என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். பழைய இறப்புப் பதிவுப் படிவத்தில் எங்கே அடக்கம் செய்யப் போகிறார்கள் என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. அதைப் படிக்காமல் இடுகாடு இடுகாடாக அலைய வேண்டாம்.

*வேறு பிரிவில் இருக்கலாம்.* குடும்பத்தில் ஒரு கிளை வேதத்தில் சேர்ந்திருந்தால் கிறிஸ்தவப் பிரிவிலும் தேவாலயப் பதிவேட்டிலும் பாருங்கள்.

*வீடு மாறியிருக்கலாம்.* குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டத்துக்குப் பின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து நம் ஜனங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் அனுப்பினார்கள். தாத்தா பழைய ஊர் இடுகாட்டிலும் ஆயா மோபெனி ஹைட்ஸ் இடுகாட்டிலும் இருப்பது சகஜம். இறந்த வருஷத்தில் வீடு எங்கே இருந்தது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

*கல்லே நடாமல் இருந்திருக்கலாம்.* முதல் தலைமுறையில் பெரும்பாலும் இதுதான் நிலை. மண்மேடு, ஒரு செடி, அவ்வளவுதான். இடுகாட்டு அலுவலகப் பதிவேட்டில் பிரிவு எண்ணும் குழி எண்ணும் இருந்தால் இடத்தையாவது காட்டுவார்கள். பக்கத்துக் குழிகளின் கற்களைப் படம் எடுங்கள், அதைக் கொண்டு வரிசையை எண்ணிக் கண்டுபிடிக்கலாம்.

*தோட்டத்து இடுகாடாக இருக்கலாம்.* கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே புதைத்த இடங்கள் பல, இன்று கரும்பு மூடிக் கிடக்கின்றன. தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, பழைய தொழிலாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல் தெரிந்தால் படம் எடுத்து, இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். தோண்டுவது, எலும்பை எடுத்து வேறிடத்தில் வைப்பது, கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டு வருவது எதுவும் கூடாது. நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட கல்லறைகளை 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் காக்கிறது. குவாசூலு-நேட்டாலில் அமாஃபா என்ற பாரம்பரிய அமைப்பை அணுக வேண்டும். உழுது அழிக்கப்படுகிறது என்று தெரிந்தாலும் முதல் போன் அங்கேதான்.

*உடலே கிடைக்காமல் போயிருக்கலாம்.* 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி ஆற்று வெள்ளம் கரையோரம் காய்கறி பயிரிட்ட நம்மவர்களை அடித்துக்கொண்டு போனது. ‘படவாட்டன் சிக்ஸ்’ என்று பெயர் பெற்ற ஆறு பேர் படகில் போய் நூற்றுக்கு மேற்பட்டோரை மீட்டார்கள். மீளாதவர்களுக்கு ஏது கல்? அடுத்த வருஷம் அக்டோபரில் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற விஷக் காய்ச்சல் வந்தது. உங்கள் வீட்டு மரணம் இந்தத் தேதிகளின் ஓரத்தில் இருந்தால் இடுகாட்டை விட்டுப் பத்திரிகைக்குப் போங்கள்.

பத்திரிகையில் ஒன்றும் அகப்படவில்லை

*தவறான பத்திரிகையைப் பார்த்திருக்கலாம்.* நேட்டால் மெர்க்குரி போன்ற வெள்ளைக்காரர் பத்திரிகைகளின் மரண அறிவிப்புப் பத்தியில் கரும்புத் தோட்டத் தொழிலாளியைத் தேடிப் பயனில்லை. நம்மவர்கள் அங்கே வருவது விபத்து, வழக்கு, மரண விசாரணைச் செய்திகளில். பல சமயம் பெயர்கூட இல்லாமல் “ஓர் இந்தியர்” என்றுதான். அதனால் பெயரை விட்டு, ஆலை, ரயில், தீ, ஊர் என்று நிகழ்ச்சியை வைத்துத் தேடுங்கள்.

நம் பத்திரிகைகளில் இந்தியன் ஒப்பீனியன் 1903இல் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் தொடங்கியது. தமிழ்ப் பக்கமும் இந்திப் பக்கமும் 1906இல் நின்றன. 1913 கடைசியில் போராட்டத்தின்போது சில காலம் திரும்ப வந்தன. சத்தியாகிரகத்தில் சிறை போனவர்களின் பெயர்கள் அதில் வரும். வீட்டில் “தாத்தா ஜெயிலுக்குப் போனாரு” என்று பேச்சு இருந்தால் 1908 முதல் 1914 வரையான இதழ்களைப் பாருங்கள். காந்தி ஹெரிடேஜ் போர்ட்டலில் இலவசமாகக் கிடைக்கின்றன. பி.எஸ். ஐயர் 1908இல் டர்பனில் தொடங்கிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் தமிழும் ஆங்கிலமும் கலந்தது; தமிழ்க் குடும்பங்களுக்கு அது இன்னும் நெருக்கம். 1940களிலிருந்து என்றால் லீடர், 1950 முதல் கிராஃபிக்.

*தேடல் பெட்டிக்குப் பழைய தமிழ் அச்சு படிக்க வராது.* ஒன்றும் இல்லை என்று அது சொன்னால், இல்லை என்று அர்த்தமில்லை. பக்கத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

*தவறான வாரத்தைப் பார்த்திருக்கலாம்.* இறந்த மறுநாள் இதழைப் பார்த்துவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இவை வாரப் பத்திரிகைகள். நம் வழக்கப்படி நன்றி அறிவிப்பு பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டி வரும், நினைவஞ்சலி முதல் வருஷத் திவசத்தை ஒட்டி வரும். இறந்த நாளிலிருந்து ஐந்து வாரம், அப்புறம் பத்தாம் மாதம் முதல் பதினான்காம் மாதம் வரை பாருங்கள். மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் கிடைப்பது நினைவஞ்சலியில்தான். படம் போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

*இதழே இணையத்தில் இல்லையென்றால்* நூலகத்தில் கட்டுகளாகவோ மைக்ரோஃபிலிமாகவோ இருக்கும். டர்பனில் கில்லி கேம்பெல் நூலகம், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்து காந்தி-லுதூலி ஆவண மையம் இரண்டிலும் கேளுங்கள். வருஷமும் மாதமும் சொல்லிக் கேட்டால் வேலை நடக்கும். பழந்தாள் நொறுங்கும், ஒளிநகல் எடுக்கக் கேட்காதீர்கள். ஃபிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுக்கலாமா என்று அனுமதி கேளுங்கள்.

கப்பல் பட்டியலில் ஆளைக் காணவில்லை, அல்லது ஊர் புரியவில்லை

“உம்சிந்தோவில வந்தாரு” என்று வீட்டில் சொல்வார்கள். உம்சிந்தோ தென்கரையில் ஓர் ஊர், அதே பெயரில் ஒரு கப்பலும் உண்டு. உம்லாசியும் உம்வோட்டியும் அப்படித்தான். கப்பலைச் சொன்னார்களா, வேலை பார்த்த ஊரைச் சொன்னார்களா என்று பிரித்துக் கேளுங்கள்.

சொன்ன வருஷம் 1867 முதல் 1873 வரை இருந்தால் அந்தக் காலத்தில் ஒப்பந்தக் கப்பலே வரவில்லை. 1866இல் நின்றது, 1874இல்தான் மறுபடி தொடங்கியது. அப்படியானால் வருஷம் தப்பு, அல்லது அவர் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர், அல்லது மொரீஷியஸ் வழியாக வந்தவர். பின்னிரண்டு வகையினரும் ஒப்பந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். குழந்தையாக வந்தவர் என்றால் தாய் தகப்பன் பெயருக்கு அடுத்தடுத்த எண்களில் பாருங்கள்.

ஊர்ப் பெயருக்கும் மேலே சொன்ன வாய்விட்டுப் படிக்கும் வைத்தியமே. ஜில்லாவை மட்டும் இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடக் கூடாது. அன்றைய வட ஆற்காட்டில் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை மட்டுமல்ல, ஆந்திரத்துச் சித்தூரும் அடங்கும். தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம். செங்கல்பட்டு ஜில்லாவில் இன்றைய காஞ்சிபுரமும் திருவள்ளூரும் இருந்தன. ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். கிராமப் பெயர் மட்டும் பொருந்தினால் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ஒரே பெயரில் நான்கு கிராமம் இருக்கும். தாலுகா வரை உறுதியாகி, கிராமத்தில் இரண்டு மூன்று வாய்ப்புகள் நின்றால், அப்போது அந்தப் பக்கத்து ஆள் ஒருவரை அமர்த்தி நேரில் விசாரிக்கச் சொல்லலாம். அதற்கு முன்னால் கொடுக்கும் காசு வீண்.

இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்காகத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படம் உங்களுக்குத்தான் சான்று, அலுவலகத்துக்கு அல்ல. தென்னாப்பிரிக்க உள்துறையிலிருந்து மூலப் பதிவின் வால்ட் காப்பியும், காப்பகத்திலிருந்து முத்திரை வைத்த நகலும் வாங்க வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் எழுத்து மாறியிருந்தால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். அதை நீங்களே எழுதிக் கொடுக்காமல் வக்கீலிடம் போங்கள். போகும்போது எந்தத் தாளில் எந்த எழுத்து, எந்த எண், எந்த நாள் என்று ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி எடுத்துப் போங்கள்.